சிறிய வடிவமைப்பு ஸ்டுடியோவுக்கு வேலை வரும் வழிகள்: எந்த வழியில் விலையைச் சொல்பவர் யார்?

இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் வரைகலை வடிவமைப்பு ஸ்டுடியோ தன்னை எங்கே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்தே விடை சொல்லப்படுகிறது. இந்தத் தளத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்கிறார்கள், அந்தத் தளத்தில் ஒரு படத்துக்கு இத்தனை லைக்குகள் விழுகின்றன என்ற கணக்கு கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால், மாதத்துக்கு 4 வேலைகளுக்கு மேல் எடுத்துச் செய்ய ஆள் இல்லாத ஸ்டுடியோவுக்குக் கோடிப் பேரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆண்டுக்கு 30 நல்ல விசாரிப்புகள் வந்தாலே அதற்குக் கை நிறைய வேலை. ஆகவே இந்த அலசலில் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வழியாக வரும் வாடிக்கையாளர் நம் முன் வந்து உட்காரும்போது, விலை என்ன என்பதை ஏற்கெனவே யார் முடிவுசெய்து வைத்திருக்கிறார்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியும் வழிகளுக்கு இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது விளங்கும்.

போட்டித் தளமும் சந்தைத் தளமும்

99டிசைன்ஸ் என்ற வடிவமைப்புப் போட்டித் தளம் 2008-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தொடங்கப்பட்டது. 2020-இல் அதை விஸ்டாபிரிண்ட் என்ற இணைய அச்சு நிறுவனம் வாங்கிக்கொண்டது. அந்தத் தளத்தைப் புகழ்பெறச் செய்த போட்டி முறை எளிமையானது. லோகோ வேண்டும் என்பவர் பரிசுத்தொகையை அறிவிக்கிறார், பலர் வரைந்து அனுப்புகிறார்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மட்டும் பணம் கிடைக்கிறது. 1914-இல் தொடங்கிய அமெரிக்க வடிவமைப்பாளர் அமைப்பான ஏ.ஐ.ஜி.ஏ., கூலி உறுதியில்லாத இத்தகைய முன்வேலையைக் கூடாது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அறநெறியை ஒதுக்கிவிட்டு வெறும் கூட்டல் கழித்தலாகப் பார்த்தாலும் இந்த முறை நிற்கவில்லை. ஒரு போட்டிக்கு 40 பேர் சமமான திறமையோடு வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் 5 மணி நேரம் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 200 மணி நேர உழைப்புக்கு ஒரு பரிசு. அந்தப் பரிசை 200-ஆல் வகுத்த பிறகு கிடைக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் மறுபடியும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். இங்கே விலையைச் சொல்பவர் வாடிக்கையாளர். அதுவும் வேலை என்னவென்று நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.

வடிவமைப்பாளர்கள் தங்கள் சேவையை விற்கும் ஃபைவர், அப்வொர்க் போன்ற சந்தைத் தளங்களைப் பலர் இதே தட்டில் வைத்துப் பேசுவது சரியல்ல. ஃபைவர் 2010-இல் தொடங்கியபோது எல்லா வேலைக்கும் 5 டாலர் என்பதே விதி, பெயரும் அதிலிருந்தே வந்தது. பின்னர் விலையை விற்பவரே வைக்கலாம் என்று ஆனது, ஆனால் வருவாயில் 20 விழுக்காட்டைத் தளம் எடுத்துக்கொள்கிறது. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு நிறுவனங்கள் இணைந்ததன் வழியாக 2015-இல் அப்வொர்க் என்று பெயர் பெற்ற தளம், ஒரே வாடிக்கையாளரிடம் ஈட்டும் தொகை உயர உயரத் தான் எடுத்துக்கொள்ளும் கழிவைக் குறைக்கும் முறையை 2016-இல் கொண்டுவந்தது; 2023-இல் அதை நீக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் 10 விழுக்காடு என்றாக்கியது. நீண்டகால வாடிக்கையாளரை வைத்திருந்தவர்களுக்கு இந்த ஒரு மாற்றத்தால் கழிவு இரட்டிப்பானது. இவ்வளவுக்கும் பிறகு இத்தளங்களுக்கு ஒரு பெருமையைக் கொடுத்தாக வேண்டும். வேலை தொடங்குமுன் பணத்தை வாங்கித் தளமே பிடித்துவைத்துக்கொள்வதால், ஒப்பந்தம் எழுதத் தெரியாத, முன்பணம் கேட்கக் கூச்சப்படுகிற புதிய ஸ்டுடியோவுக்கு அது ஒரு பாதுகாப்பு.

சந்தைத் தளத்தில் விலையைச் சொல்பவர் பக்கத்துக் கடைக்காரர். தளத்தில் நம் சேவையைக் காட்டும் அட்டைக்கு இடப்புறமும் வலப்புறமும் இருக்கும் இரண்டு அட்டைகளில் எழுதியிருக்கும் எண்ணே நம் விலையின் கூரை. எனவே கூட்டம் நெருக்கும் லோகோ பிரிவைத் தவிர்த்துவிட்டு, அச்சுக்குத் தயாரான லேபிள் கோப்பு, ஆண்டறிக்கைப் பக்க அமைப்பு, விளக்கக்காட்சி ஸ்லைடுகள் என்பன போல எல்லை தெளிவாகத் தெரியும் வேலைகளை மட்டும் முதல் ஓராண்டுக்கு அங்கே வைப்பது பயன்தரும். அங்கே சேர்த்த நட்சத்திரங்களையும் பாராட்டு வரிகளையும் வெளியே வரும்போது மூட்டை கட்டிக்கொண்டு வர முடியாது என்பதை முதல் நாளிலேயே தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது.

காட்சித் தளங்கள்

பிஹான்ஸ் 2005-இல் உருவானது, 2012-இல் அடோபியின் கைக்கு வந்தது. டிரிபிள் 2009-இல் தொடங்கியது. இரண்டும் வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைக் காட்சிக்கு வைக்கும் இடங்கள்தாம். ஆனால் ஒன்று நீண்ட சுருள், மற்றொன்று சிறு கட்டம். பிஹான்ஸில் ஒரு வேலையைத் தொடக்கக் கீறலிலிருந்து அச்சான பொருள் வரை ஒரே பக்கத்தில் விரித்துக் காட்டலாம். டிரிபிள் முதலில் 400-க்கு 300 பிக்சல் என்ற சின்னஞ்சிறு படத்தை மட்டுமே அனுமதித்தது. அந்த அளவுக்குள் பளிச்சென்று தெரிவதுதான் அங்கே எடுபடும் என்ற பழக்கம் வேரூன்றிவிட்டது. பின்னாளில் அளவு பெரிதான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2025-இல் டிரிபிள் தன் விதிகளை மாற்றி, பணம் தளத்தின் வழியாகக் கைமாறுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் தொடர்பு விவரத்தைக் கொடுக்கக் கூடாது என்றது. காட்சிக்கூடம் ஒரே அறிவிப்பில் சந்தையாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இந்த இரு தளங்களிலும் நம்மைப் பாராட்டுபவர்களில் பெரும்பாலோர் சக தொழிலாளர்கள். சமையல்காரர் ஒருவர் மற்றொரு சமையல்காரரின் கறிவேப்பிலைத் தாளிப்பை மெச்சுவது போன்றது அது. மெச்சியவர் சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கப்போவதில்லை. ஆனாலும் பிஹான்ஸை நான் கைவிடச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அது வேறு இரண்டு காரியங்களுக்கு உதவுகிறது. விளம்பர நிறுவனங்களின் கலை இயக்குநர்கள் துணை வேலைக்கு, அதாவது தாங்கள் எடுத்த வேலையை வெளியே கொடுத்துச் செய்விக்க, ஆள் தேடும் இடம் அது. நமக்கு ஓர் உதவியாளர் தேவைப்படும்போது நாமும் அங்கேதான் தேடுவோம்.

இன்ஸ்டாகிராமில் நிலைமை நேரெதிரானது. அங்கே இருப்பவர்கள் சொந்தத் தொழில் நடத்துபவர்கள், அதாவது உண்மையில் லோகோவும் பையும் பெட்டியும் தேவைப்படுபவர்கள். குறை என்னவென்றால், அங்கே விலையைப் பற்றிய எண்ணமே யாருக்கும் இருப்பதில்லை. "லோகோ எவ்வளவு?" என்று ஒற்றை வரியில் ஒரு செய்தி வரும், பெயர் இல்லை, தொழில் என்னவென்று இல்லை, எங்கே அச்சிடப்போகிறார் என்று இல்லை. ஒவ்வொருவரிடமும் அரிச்சுவடியிலிருந்து பேச வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, 2016-இல் அத்தளம் காலவரிசையைக் கைவிட்டுப் பதிவுகளைத் தன் கணிப்பின்படி அடுக்கத் தொடங்கியதிலிருந்து, நம்மைப் பின்தொடர்பவர்களுக்கே நம் பதிவு போய்ச் சேருமா என்பது நம் கையில் இல்லை. மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி அந்த மாதத்துக்கான பதிவுகளை மொத்தமாகச் செய்து வைத்துவிட்டு, மற்ற நாள்களில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பதே கட்டுபடியாகும் வழி. ஸ்டுடியோ உயிரோடு இருக்கிறது, அண்மையிலும் வேலை செய்திருக்கிறது என்பதை வந்து பார்ப்பவருக்குத் தெரிவித்தால் போதுமானது.

இங்கே ஒரு சிறு முறையீடு. பளிங்குத் தரைமேல் விசிட்டிங் கார்டுகள் சாய்ந்து கிடக்கும் அந்த ஆயத்த மாக்கப் படத்தை (வடிவமைப்பை அச்சான பொருள்போலக் காட்டும் மாதிரிப் படத்தை) உலகத்தில் பாதி ஸ்டுடியோக்கள் பயன்படுத்துகின்றன. மூன்று ஸ்டுடியோக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வாடிக்கையாளர் மூன்று இடங்களிலும் ஒரே பளிங்கைக் காண்கிறார். உண்மையில் அச்சான அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் எடுத்த படம் அதைவிட அதிகம் பேசும்.

லிங்க்டின் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: ஆண்டறிக்கை, பயிற்சிக் கையேடு, கண்காட்சி அரங்கு போன்ற நிறுவன வேலைகளைத் தேடுபவர்களுக்கு அது ஏற்றது, அங்கே படத்தைவிட எழுத்துக்கு மதிப்பு அதிகம்.

சொந்த வலைத்தளமும் மடல் பட்டியலும்

இதுவரை பார்த்த வழிகளில் எதிலும் விலையை முதலில் சொல்லும் உரிமை நம்மிடம் முழுமையாக இல்லை. சொந்த வலைத்தளத்தில் அது இருக்கிறது. விலையை வெளிப்படையாக எழுதலாமா கூடாதா என்று தொழிலில் ஓயாத வாதம் நடக்கிறது. எழுதினால் போட்டியாளர் பார்த்துவிடுவார் என்பது ஒரு தரப்பு. எழுதாவிட்டால் வருபவர்களில் பாதிப் பேருக்கு வீணாகப் பதில் எழுத வேண்டும் என்பது மற்றொரு தரப்பு. நான் இரண்டாம் தரப்பு. முழு விலைப்பட்டியல் தேவையில்லை, ஆனால் இதற்குக் குறைந்து எந்த வேலையும் எடுப்பதில்லை என்ற தொடக்க விலை ஒன்று தொடர்புப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகும் எழுதுபவர், பேரம் பேசினாலும் அந்தத் தரைக்குக் கீழே போகமாட்டார்.

ஆனால் விலையை எழுதினால் மட்டும் போதாது, அதை ஏற்கச் செய்யும் விளக்கமும் அருகிலேயே இருக்க வேண்டும். ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு 1986-இல் லோகோ செய்துகொடுத்த பால் ராண்ட் அதற்கு 1,00,000 டாலர் வாங்கினார். தெரிவுசெய்துகொள்ளப் பல வடிவங்களைக் கொடுக்காமல் ஒரே ஒரு தீர்வை மட்டும் கொடுத்தார். ஐ.பி.எம். லோகோவை வரைந்து பெயர் பெற்றவருக்குச் செல்லுபடியான அந்த உறுதி நமக்குச் செல்லுபடியாகாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் லோகோவோடு சேர்த்துக் கொடுத்த சிறு புத்தகத்தை. எழுத்துகளை ஏன் இப்படி அடுக்கினேன், கனசதுரத்தை ஏன் சாய்த்தேன் என்று படிப்படியாக அதில் விளக்கியிருந்தார். நம் வலைத்தளத்தின் ஒவ்வொரு வேலைப் பக்கமும் அத்தகைய சிறு புத்தகமாக இருக்கலாம்: வாடிக்கையாளருக்கு இருந்த சிக்கல் என்ன, எந்தத் தடைகளுக்குள் வேலை நடந்தது, எந்த வடிவங்கள் தள்ளப்பட்டன, ஏன் தள்ளப்பட்டன. 20 வேலைகளின் அழகான படங்களைவிட இவ்வாறு எழுதப்பட்ட 5 வேலைகள் நல்ல விசாரிப்பைக் கொண்டுவரும் என்பது என் துணிபு.

சொந்தத் தளத்தின் குறை அதன் மந்தம். தேடுபொறியின் வழியாக ஆள்கள் வரத் தொடங்க நெடுநாள் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையையும் நாமே கெடுத்துக்கொள்வது உண்டு. பக்கத்தின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்திருக்கும் அளவு; வடிவமைப்பு ஸ்டுடியோக்களின் தளங்களோ சுருக்கப்படாத படங்களைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்கும். தளத்தின் முகவரியான டொமைன் பெயரைத் தளம் கட்டிக்கொடுத்தவரின் கணக்கில் விட்டுவைப்பது மற்றொரு பிழை. அது ஸ்டுடியோவின் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

மடல் பட்டியல் வலைத்தளத்தின் தம்பி. பழைய வாடிக்கையாளர்களும் ஒருமுறை விசாரித்துவிட்டுப் போனவர்களுமாக 150 மின்னஞ்சல் முகவரிகள் இருந்தாலே ஆண்டுக்கு நான்கு மடல் எழுதலாம். மடல் அனுப்பித்தரும் எந்தச் சேவையிலிருந்தும் அந்தப் பட்டியலை இறக்கி வேறொன்றுக்கு எடுத்துச் செல்ல முடியும். இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர்களை அப்படி எடுத்துச் செல்ல முடியாது.

பரிந்துரையும் துணை வேலையும்

பழைய வாடிக்கையாளர் சொல்லி வருபவர்தான் எல்லாரையும்விட விரைவாகக் கையெழுத்திடுபவர். நம்பிக்கையை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார். கூடவே விலையையும் கொண்டுவருகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் கூச்சத்தில் பாதி விலைக்குச் செய்துகொடுத்த வேலையின் தொகை, அவருடைய நண்பர் வாயிலாக அப்படியே திரும்பி வந்து நம் மேசையில் உட்காரும். வேலையின் வகையும் அவ்வாறே தேங்கிவிடும்: ஒரு மருத்துவமனைக்குச் செய்தால் மருத்துவமனைகளே தொடர்ந்து வரும்.

விளம்பர நிறுவனங்கள், அச்சகங்கள், வலைத்தளம் கட்டுபவர்கள் ஆகியோரிடமிருந்து வரும் துணை வேலை சீரானது. பேச்சு குறைவு, திருத்தங்கள் தெளிவாக வரும். விலையைச் சொல்பவர் இடையில் இருப்பவர், அவர் தன் பங்கை வைத்துக்கொண்ட மிச்சமே நமக்கு. அதைவிடப் பெரிய இழப்பு, பல ஒப்பந்தங்களில் அந்த வேலையை நம்முடையது என்று காட்டக் கூடாது என்ற பிரிவு இருக்கும் என்பது. வேலை வெளியாகி ஓராண்டுக்குப் பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று எழுத்தில் கேட்டால் பலர் மறுப்பதில்லை, கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை. வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடைத்தரகரிடமிருந்து வந்தால், விடுப்பும் மருத்துவக் காப்பீடும் இல்லாத ஊழியராகிவிட்டோம் என்று பொருள்.

விலை முறையோடு பொருத்திப் பார்த்தால்

வழிக்கு ஏற்ப விலை முறையும் மாற வேண்டும். 1971-இல் நைக்கியின் சின்னத்தை வரைந்த கரோலின் டேவிட்சன் என்ற மாணவி அதற்கு 35 டாலர் பெற்றார். அதற்கு முன் நிறுவனரிடம் மணிக்கு 2 டாலர் கூலிக்கு விளக்கப்படங்கள் வரைந்துகொண்டிருந்தவர் அவர். 1983-இல் நிறுவனம் அவருக்குப் பங்குகளைக் கொடுத்து ஈடுசெய்தது. மணிக்கணக்கில் கூலி வாங்கிப் பழகிய கைக்குச் சின்னத்தின் மதிப்பைத் தனியே கணக்கிட வாய்ப்பே இருப்பதில்லை. ஆகவே மணிக்கணக்கு துணை வேலைக்குப் பொருந்தும். சொந்தத் தளத்தின் வழியாக வருபவருக்கு வேலைக்கு இவ்வளவு என்ற மொத்த விலையே பொருந்தும். பழைய வாடிக்கையாளருக்கு மாதாந்திர ஒப்பந்தம் பொருந்தும், பயன்படுத்தாத மணி நேரம் அடுத்த மாதத்துக்குப் போகாது என்ற ஒரு வரி அதில் இருந்தால்.

மொத்த விலையின் ஓட்டை திருத்தங்கள். இரண்டு சுற்றுத் திருத்தம் என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது, ஆனால் சுற்று என்றால் என்ன என்று எழுதுபவர்கள் குறைவு. முடிவெடுக்கும் எல்லாருடைய கருத்தும் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் வந்தால்தான் அது ஒரு சுற்று என்று விலைப்புள்ளியிலேயே குறிப்பிட வேண்டும். பாதித் தொகை முன்பணம், மூலக்கோப்புகள் கடைசித் தொகை வந்த பிறகு.

எங்கள் ஸ்டுடியோவில் விசாரிப்பு ஏடு ஒன்று வைத்திருக்கிறோம். யார், எந்த வழியாக வந்தார், நாம் சொன்ன விலை என்ன, முடிவான விலை என்ன என்று நான்கே பத்திகள். ஓராண்டு முடிவில் புரட்டிப் பார்த்தபோது, அதிகமாகக் குறைத்துக் கேட்டவர்கள் முகம் தெரியாதவர்கள் அல்லர், பரிந்துரையில் வந்தவர்களே என்று தெரிந்தது. அதற்குப் பிறகு சலுகை கொடுக்கும் எந்த வேலைக்கும் பில்லில் முழு விலையை முதல் வரியிலும் சலுகையைத் தனி வரியாக அதன் கீழேயும் எழுதத் தொடங்கினோம். அந்த வாடிக்கையாளர் தன் நண்பரிடம் எங்களைப் பற்றிச் சொல்லும்போது இப்போது இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்கிறார்.