தத்துநாய்த் தரவு: பெட்பையா, ரெஸ்கியூகுரூப்ஸா, காகிளில் கிடக்கும் சிஎஸ்வியா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்துக் கோடியில் ஒரு நாய் குட்டி போட்டால் செய்தி வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் போகும்: “4 குட்டி இருக்கு, வேணும்னா சொல்லுங்க, ஃப்ரீ.” மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துவிடும். இதைத் தேடக்கூடிய பட்டியலாகப் பைத்தானில் கட்ட நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் கண்ணில் படும்: பெட்பை என்ற பைத்தான் நூலகம், ரெஸ்கியூகுரூப்ஸ் என்ற அமெரிக்கச் சேவை, காகிள் என்ற தரவுப் போட்டித் தளத்தில் கிடக்கும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு). மூன்றும் ஒரே வேலைக்கு ஆனவை அல்ல.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெட்ஃபைண்டர் டாட் காம் வட அமெரிக்காவுக்கானது. பெட்ஃபைண்டர் டாட் மை மலேசியாவினுடையது, 2008 முதல் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. பெட்பை நூலகம் பேசியது அமெரிக்கத் தளத்தின் ஏபிஐயோடு (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வாசல்) மட்டும். அந்த ஏபிஐ 2025 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது.

பெட்பையின் பலம் சோம்பேறித்தனத்துக்கு இடம் கொடுத்தது. கீயையும் சீக்ரெட்டையும் கொடுத்தால் டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்குவது, பக்கம் புரட்டுவது, பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தின் அட்டவணையாக்குவது எல்லாம் அதன் பாடாக இருந்தது. “20 நாய்தான் வருது” என்று தலையைச் சொறிந்தவர்கள் பக்க எண்ணிக்கையைக் கொடுக்க மறந்தவர்கள். சொல்லாவிட்டால் வந்தது ஒரே பக்கம், பக்கத்துக்கு 20. ஒரு பக்கத்தின் உச்சம் 100 ஆக இருந்தது. டோக்கனின் ஆயுள் 3600 விநாடி, நாள் வரம்பு 1000 கோரிக்கை என்று இருந்தது. நீண்ட ஓட்டத்தில் நடுவே 401 என்ற பிழை எண் வந்தால் டோக்கன் காலாவதி என்று பொருள். ஆப்ஜெக்டைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. பக்கம் புரட்டும்போதே நாய்கள் தத்துப் போய் வரிசை நகர்வதால் ஒரே நாய் இருமுறை வந்தது உண்டு, ஐடியை வைத்து நகல்களை நீக்க வேண்டியிருந்தது. விவரணை பாதியில் வெட்டப்பட்டே வந்தது. அது உங்கள் கோடின் பிழையல்ல. இன்னொன்று: பிப்பில் (பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவி) நூலகம் இறங்குவதாலேயே பின்னால் உள்ள சேவை உயிரோடு இருப்பதாக ஆகாது. எந்த ஏபிஐயானாலும் கீ கொடுக்கும் பக்கம் திறக்கிறதா என்று பார்த்த பிறகு முதல் வரியை எழுதுங்கள்.

ரெஸ்கியூகுரூப்ஸின் ஐந்தாம் பதிப்பு ஏபிஐக்குப் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் ஒன்றே போதும். டோக்கன் சடங்கு இல்லை, ஆத்தரைசேஷன் ஹெடரில் கீ, அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு 250 வரை கேட்கலாம். சிக்கல் பதிலின் வடிவத்தில் இருக்கிறது: நாய் ஓரிடம், இனம், படம், காப்பகம் எல்லாம் ‘இன்க்ளூடட்’ என்ற தனிப் பட்டியலில். ஐடி பிடித்து நீங்களேதான் இணைக்க வேண்டும். முதலில் வகையும் ஐடியும் சேர்ந்த டிக்‌ஷனரி ஒன்றைக் கட்டிக்கொண்டால் தலைவலி பாதி குறையும்.

தூர வடிகட்டியில் ஒரு பொறி உண்டு. நம் அஞ்சல் குறியீடும் 5 இலக்கம், அமெரிக்காவினுடையதும் 5 இலக்கம். சுங்கை சிப்புட்டின் 31100-ஐக் கொடுத்தால் வடிவச் சரிபார்ப்பு மறுபேச்சில்லாமல் விட்டுவிடும். ஆனால் 311 என்று தொடங்குபவை அங்கே அட்லாண்டாவுக்கு உரியவை. பேராக் நாய் கிடைக்கப் போவதில்லை.

ஆக, நம் ஊர்த் தரவு வேண்டுமென்றால் மிஞ்சுவது காகிள். பெட்ஃபைண்டர் டாட் மை தன் பதிவுகளை வைத்து அங்கே நடத்திய போட்டியின் பயிற்சிக் கோப்பில் 14,993 வரிகள். உயிரோட்டமான தரவல்ல, உறைந்துபோனது. இருந்தும் என் ஓட்டு இதற்கே. காகிள் கட்டளையில் 403 வந்தால் போட்டி விதிகளை உலாவியில் ஏற்கவில்லை என்று அர்த்தம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் படங்களை விட்டுவிட்டு ட்ரெயின் சிஎஸ்வியை மட்டும் இறக்குங்கள்.

அமெரிக்க ஏபிஐயில் வயது குட்டி, இளசு, வளர்ந்தது, கிழடு என்று நான்கே பெட்டிகள். இங்கே மாதக் கணக்கு. கட்டணம் ரிங்கிட்டில், 0 என்றால் இலவசம். தடுப்பூசிக்கு 1 போட்டது, 2 போடாதது, 3 தெரியாது. இதற்குச் சராசரி எடுத்து வரைபடம் போடுபவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். தத்து வேகத்தில் 0 என்றால் அன்றே போனது, 4 என்றால் 100 நாள் கழிந்தும் போகாதது. எண் கூடக் கூட வேகம் குறைவு. லயத்து நாய்களுக்குப் பொருந்தும் இனக் குறியீடு 307, கலப்பினம். குவான்டிட்டி பத்தியைக் கவனிக்காமல் வரிகளை எண்ணினால் 4 குட்டிகளும் ஒரே நாயாகிவிடும்.

குறையும் உண்டு. முக்கால் பங்குக்கு மேல் சிலாங்கூர், கோலாலம்பூர் பதிவுகள்தாம். பேராக்கின் குறியீடு 41330. அதை வடிகட்டினால் சில நூறு வரிகளே தேறும். ஊர்ப் பெயர் கிடையாது, மாநிலத்தோடு நின்றுவிடும். ஆகவே இதிலிருந்து ‘நம் தோட்டத்து நாய் எத்தனை நாளில் போகும்’ என்று கணித்துச் சொல்வது வீண். பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு கூகுள் ஷீட்டில் உங்கள் பட்டியலைத் தொடங்குங்கள், சிஎஸ்வியாக வெளியிட்டு பாண்டாஸில் படியுங்கள். தத்து நிலை என்ற பத்தியை ஏபிஐகளைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், காகிள் கோப்பில் அது இல்லை. தொலைபேசி எண் வெளியிடும் தாளில் இருக்கக் கூடாது. அஞ்சல் குறியீட்டை எழுத்து வகையாகப் படிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கூலிமின் 09000 வெறும் 9000 ஆகி நிற்கும்.