எச்சரிக்கை: இலை இல்லாத அத்திக் குச்சிக்கு 7,900 ரூபாய் கொடுத்துவிட்டேன்

ஏமாந்துவிட்டேன் என்பது நேற்று ராத்திரிதான் உறுதியானது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 7,900 ரூபாய். பெரிய தொட்டியில் அத்தி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு மதுரை ஆனையூர்ப் பக்கம். ஐயர் பங்களாவில் இருக்கும் என் நாத்தனார், நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து அதில் சீமை அத்தி வைத்திருக்கிறாள். செடி ஆள் உயரம்கூட இல்லை, போன வருஷம் காய்த்துத் தள்ளிவிட்டது. ஒரு பழத்தைப் பறித்து அங்கேயே நின்று தின்றேன். கடையில் கோத்து விற்கும் காய்ந்த அத்திப்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்குப் பிடித்த ஆசை இது.

நர்சரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வெளியூர்க்காரர்கள், வீடியோ போட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறவர்கள். கண்ணை மூடிக்கொண்டு நான் பணம் போடவில்லை. மரத்தைக் காட்டச் சொன்னேன். அந்தத் தம்பி உடனே வீடியோ காலில் வந்து, மரத்தடியில் நின்று ஒரு பழத்தைப் பறித்துப் பிளந்து காட்டினான். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. “புனே ரகம்க்கா. மகரந்தம் சேர்க்கிற பூச்சி தேவையில்ல, தானா காய்க்கும். விதைக் கன்னு கிடையாது, பதியன் போட்ட ரெண்டு வருசச் செடி” என்றான். புனே அத்தியைப் பற்றி அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. நான் படித்துவைத்திருந்ததையே அவன் வாயால் கேட்டதும் மனசு இறங்கிவிட்டது. “இந்த மரத்துக் கன்னுதானே தம்பி அனுப்புவீங்க?” என்று கேட்டேன். “எங்க அம்மா மேல சத்தியம்க்கா” என்றான். அவ்வளவுதான், அந்த நிமிஷமே பணத்தைப் போட்டுவிட்டேன். நாலு செடி, ஒன்று 1,150. அவர்களிடமே செடி வளர்க்கும் 24 அங்குலப் பை நாலு, ஒன்று 650. பார்சல் 700. ஆக 7,900.

மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ்ஸில் வந்து இறங்கியது. பிரித்தால் நாலு மொட்டைக் குச்சி. ஒரு இலை கிடையாது. கேட்டதற்கு, “வழியில வாடிரும்க்கா, உருவிட்டுத்தான் அனுப்புவோம்” என்றான். நியாயமாகத்தான் பட்டது. பிரிக்கும்போது வீடியோ எடுத்து 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால்தான் புகார் செல்லும் என்பது அவர்கள் விதி. அதையும் எடுத்து அனுப்பினேன். இப்போது யோசித்தால் சிரிப்பாக வருகிறது. குச்சியை வீடியோ எடுத்து என்ன தெரியப்போகிறது? இலை துளிர்க்கவே மூன்று வாரம் ஆனது!

24 அங்குலப் பையை நிரப்பினால் ஈர மண்ணோடு 150 கிலோவுக்குக் குறையாது. செம்மண், தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம் எல்லாவற்றையும் ஆள் வைத்து மாடிக்கு ஏற்றி, பீம் போகிற வரிசையாகப் பார்த்து வைத்தேன். அந்தக் கூலியும் மண்ணும் 7,900-இல் சேராது. ஐந்து வருஷம் தாங்கும் என்ற பைகளில் ஒன்று முதல் வாரமே தையலில் பிரிந்தது. அது போகட்டும்.

துளிர் வந்ததும் முதலில் கண்டுபிடித்தது என் மாமியார். அவர்கள் பிறந்த ஊர் நத்தம் பக்கம். மாடிக்கு வந்து ஒரு இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது நம்ம நாட்டு அத்தில்ல? கிணத்து மேட்டுல நிக்குமே. இதுக்கா இம்புட்டு காசு குடுத்த?” என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாட்டு அத்தி பெரிய மரமாக வளர்ந்து அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது. அதைப் பையில் வைத்து என்ன செய்வது?

போன் போட்டேன். “இளம் இலை அப்படித்தான்க்கா இருக்கும், போகப்போக வெட்டு விழும்.” நாலு நாள் கழித்துக் கேட்டால், “மதுரை வெயிலுக்கு இலை மாறும்.” அடுத்து, “தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க.” தண்ணீர் அதிகமானால் செடி அழுகும், சாதியா மாறும்? கடைசியாக, “காம்பைக் கிள்ளிப் பாருங்க, பால் வருதா? அப்ப அத்திதான்” என்றான். ஆல், அரசு எல்லாவற்றிலும்தான் பால் வரும். அதைச் சொன்னதும், “24 மணி நேரம் முடிஞ்சிருச்சும்மா, ஒண்ணும் பண்ண முடியாது.” அக்கா அம்மாவாகிவிட்டேன், கவனித்தீர்களா? அதற்கப்புறம் அனுப்பும் எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்தான்.

நேற்று நாத்தனார் வீட்டிலிருந்து இலை கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுடையது விரித்த கைபோல, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. என்னுடையது வெட்டே இல்லாமல் வழவழவென்று இருக்கிறது. நாலும் அப்படியே. சந்தேகமே இல்லை.

1915-இல், நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்திருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. இலை இல்லாத அத்தியை வாங்காதீர்கள். இலையைக் கிள்ளாமல், தடவிப் பார்த்து வாங்குங்கள். வீடியோவில் காட்டும் மரமும் பார்சலில் வரும் குச்சியும் ஒன்று என்று நம்பாதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிப் போடாதீர்கள், 7,900 ரூபாய் போட்டவள் சொல்கிறேன். பையை உள்ளூரிலேயே தையலை இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், தெரிந்தவர் வீட்டில் மரம் இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். பென்சில் தடிமனில் ஒரு சாண் குச்சி நட்டாலே சீமை அத்தி வேர் விட்டுவிடும். நேற்று இலை வாங்கப் போனபோதுதான் நாத்தனார் சொன்னாள்: “எங்கிட்ட கேட்டிருந்தா ஒடிச்சுக் குடுத்திருப்பேனே மதினி. போன மாசம் கவாத்து பண்ணி அம்புட்டையும் குப்பையில போட்டேன்.”