லேமினேஷனில் எத்தில் அசிடேட்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிய வருவது

பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகளின் ஃபிலிம்களை ஒட்டும் பாலியூரிதேன் பசைக்கு எத்தில் அசிடேட்டைவிடத் தோதான கரைப்பான் கிடைப்பது கடினம். 77 டிகிரியில் கொதிக்கிறது. இன்னொரு கரைப்பானான பியூட்டைல் அசிடேட்டைவிட நாலு மடங்கு வேகமாகக் காய்கிறது. உணவுப் பொட்டல மைகளிலிருந்து டொலுயீன் என்ற கரைப்பானை விலக்கும் ஐஎஸ் 15495:2020 தரநிலைக்குப் பிறகு குழி பொறித்த சிலிண்டரால் அச்சிடும் கிராவியூர் முறையிலும் இதன் மவுசு கூடிவிட்டது.

இந்தப் பசை வேலைக்கு எமன் தண்ணீர்தான். பசையை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் வினைபுரியும் பகுதியான ஐசோசயனேட்டை ஒரு கிராம் தண்ணீர் 4.67 கிராம் வரை தின்றுவிடும். 180 கிலோ டிரம்மில் 0.1 சதவீத ஈரம் இருந்தால் 180 கிராம் தண்ணீர். 13 சதவீத ஐசோசயனேட் உள்ள ஹார்டனர் என்றால் ஆறு கிலோவுக்கு மேல் வீண். பசை இறுகாமல் பிசுபிசுக்கும். கூடவே பிறக்கும் கார்பன் டை ஆக்சைடு ஃபிலிமுக்குள் பொடிக் குமிழ்களாக நிற்கும். பழி பெரும்பாலும் பசை கம்பெனி மேல் விழும்! 'யூரிதேன் கிரேடு' என்று கேட்டு வாங்கி, சான்றிதழில் ஈரம் 0.05 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண கிரேடில் மிச்சமாகும் காசு ஹார்டனரில் போய்விடும்.

மழைக்காலத்தில் டிரம்மை வெளியில் நிமிர்த்தி வைக்கக் கூடாது. பகலில் சூடேறி இரவில் குளிரும்போது டிரம் மூச்சிழுக்கும்; மூடிமேல் தேங்கிய நீரும் உள்ளே போகும். படுக்கவைத்தால், இரண்டு மூடிகளும் கரைப்பானின் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள்.

அச்சு மெஷினிலிருந்து மீட்டெடுத்த கரைப்பானைப் பசையில் கலக்கவே கூடாது. மையோடு வந்த ஆல்கஹாலும் ஐசோசயனேட்டோடு வினைபுரியும். சிலிண்டர் கழுவ அது போதும்.

உலர்த்தியில் 60, 70, 80 டிகிரி என்று படிப்படியாக ஏற்றுவது நல்லது. முதல் அறையையே 80-க்கு வைத்தால் மேல்தோல் இறுகி, கரைப்பான் அடியில் சிக்கிக்கொள்ளும். பாக்கெட்டைத் திறந்ததும் பழவாசனை வரும். மழைநாளில் மை வெளுத்தால், வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது என்று பொருள். கொஞ்சம் புரோப்பைல் அசிடேட் சேர்த்துக் காய்தலை மெதுவாக்கலாம்.

டொலுயீனிலிருந்து மாறுகிறவர்கள் மறப்பது பம்ப் சீல். டொலுயீனைத் தாங்கிய வைட்டான் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) இதில் ஊறி உப்பிவிடும், டெஃப்லான் மாற்றுங்கள். நைட்ரைல் கையுறையும் வெகுநேரம் தாங்காது, பியூட்டைல் ரப்பர்தான் சரி.

வாசனை இனிமையாக இருப்பதால் அலட்சியம் வந்துவிடுகிறது. தீப்பற்றும் நிலை மைனஸ் 4 டிகிரி. ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து எங்கோ இருக்கும் பொறியைத் தேடிப் போகும். உறிஞ்சு விசிறியின் வாய் தரைமட்டத்தில் இருக்கட்டும். டிரம்மையும் வாளியையும் எர்த் கம்பியால் இணைத்த பிறகே ஊற்றுங்கள். தீயணைப்பு நுரையும் ஆல்கஹால் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண நுரை இதன்மேல் உடைந்துவிடும்.