ஃபிகோவா, கிரெட்ஸ்கியா?

கால்பந்துப் பகையையும் ஐஸ் ஹாக்கி வீரர் பரிமாற்றத்தையும் எங்கிருந்து அறியத் தொடங்குவது என்று தடுமாறும் புதிய ரசிகர்களுக்காக இரண்டு நிகழ்வுகளை ஒப்பிடுகிறேன்.

முடிவெடுத்தவர்: 2000இல் பார்சிலோனாவை விட்டுப் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குச் செல்ல கால்பந்து வீரர் லூயிஸ் ஃபிகோவே ஒப்பந்தமிட்டார். 1988இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியைக் கனடாவின் எட்மன்டன் அணியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு விற்றவர் அணி உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டன்.

விலை: ஃபிகோவுக்கு ஏறத்தாழ 6 கோடி யூரோ. கிரெட்ஸ்கிக்கு 1.5 கோடி டாலர், இரண்டு இளம் வீரர்கள், மூன்று முதல் சுற்றுத் தேர்வுரிமைகள் (புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமை).

ரசிகர் மனம்: 2002 நவம்பரில் பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானத்தில் ஃபிகோ கார்னர் உதைக்கச் சென்றபோதெல்லாம் பாட்டில்கள் பறந்தன; பன்றித் தலையும் வந்து விழுந்தது; ஆட்டமே சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. மாறாக, 1989 அக்டோபரில் முன்னாள் ஹாக்கி நட்சத்திரம் கார்டி ஹோவின் புள்ளிச் சாதனையைக் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்ந்த எண்ணிக்கை) கிரெட்ஸ்கி எதிரணிச் சட்டையுடன் எட்மன்டனிலேயே முறியடித்தபோது, அவரை இழந்த அதே ஊர் எழுந்து நின்று கைதட்டியது. என் நெஞ்சை இன்றும் உலுக்குவது இந்தக் கைதட்டலே.

பின்விளைவு: மாட்ரிட் ஃபிகோவுடன் 2002இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. எட்மன்டன் கிரெட்ஸ்கி இல்லாமலே 1990இல் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

பகையின் கொதிப்பை அறிய விரும்புவோர் ஃபிகோவிலிருந்தும், வணிகம் ஓர் ஊரின் அன்பை எப்படிச் சோதிக்கிறது என்று அறிய விரும்புவோர் கிரெட்ஸ்கியிலிருந்தும் தொடங்கலாம்.