ஆடம்ஸ் ஃப்ளை: பழைய கட்டா, பாராசூட் கட்டா?

டிரவுட் மீனுக்கான ஆடம்ஸ் டிரை ஃப்ளையை (கொக்கியில் இறகும் நூலும் கட்டிச் செய்யும், நீரில் மிதக்கும் பூச்சி போன்ற தூண்டில் இரை) 1922-இல் மிச்சிகனில் லெனார்ட் ஹாலடே கட்டினார். அந்தப் பழைய கட்டில் பழுப்பு நிறச் சேவல் இறகும் வரி போட்ட சாம்பல் இறகும் சேர்த்து, கொக்கித் தண்டைச் சுற்றிக் கட்டுவார்கள். இறகிழைகளின் நுனிகளில் ஃப்ளை நிமிர்ந்து நிற்பதால் சலசலத்து ஓடும் நீரில் தாக்குப்பிடிக்கும். கட்டுவதும் சுலபம்.

ஆனாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் என் ஓட்டு பாராசூட்டுக்கே. இதில் இறகை இறக்கைத் தூணின் (இறக்கைக்காகக் கொக்கித் தண்டின் மேல் செங்குத்தாக நிற்கும் வெள்ளைக் கற்றை) அடியில் கிடைமட்டமாகச் சுற்ற வேண்டும். முதலில் தூணை நூலால் இறுக்கி விறைப்பாக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குக் கீழே வரட்டும். இல்லாவிட்டால் இறகு மேலே நழுவிக் கழன்றுவிடும். இவ்வளவு பாடு எதற்கு? ஃப்ளையின் உடல் நீர்ப்பரப்பிலேயே படிந்து வரும். அமைதியான நீரில், நிதானமாகப் பார்த்துத் தின்னும் மீனை ஏமாற்ற அதுதான் வேண்டும். வெள்ளைத் தூண் நம் கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும்.

மிதப்பதற்கான பசையை இறகிலும் தூணிலும் மட்டும் தடவுங்கள், உடலில் வேண்டாம். பழைய கட்டுக்கு முழுவதும் தடவலாம்.