தேக்கு பீரோவா, டிரங்குப் பெட்டியா: உப்புக் காற்று வீட்டில் எது நிற்கும்?

புதுச்சேரியில் பழைய சாமான் தேடுகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளிலும், பழைய வீடு இடிக்கும் இடங்களிலும் சுற்றிவிட்டு, பெரும்பாலும் இரண்டு பொருள்களுக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். ஒன்று, இரட்டைக் கதவு போட்ட தேக்கு பீரோ. இன்னொன்று, பித்தளைப் பூட்டுத் தகடு வைத்த இரும்பு டிரங்குப் பெட்டி. பட்டுப்புடவை, பத்திரம், ஆல்பம் என்று வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டியதெல்லாம் இதற்குள்தான் போகப்போகிறது. அதனால் பார்வைக்கு எது அழகு என்று கேட்பதைவிட, உப்புக் காற்றையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் எது தாங்கும், கெட்டால் எதை வீட்டிலேயே சரிசெய்ய முடியும் என்று கேட்பதுதான் சரி.

லாஸ்பேட்டை மாதிரி மேட்டுப் பகுதி வீட்டைவிட, முத்தியால்பேட்டையிலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ கடலை ஒட்டிய தரைத்தள வீட்டில் இரண்டுக்குமே கூடுதல் கவனம் வேண்டும். சொந்த வீடு என்றால் பீரோவுக்கே எங்கள் ஓட்டு. வாடகைக்குக் குடியிருந்து அடிக்கடி வீடு மாறுகிறவருக்கு டிரங்கு.

வாங்கும்போது

பீரோவின் முன்பக்கம் எப்போதும் நன்றாகவே இருக்கும். பின்பலகையையும் இழுப்பறையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கதவு தேக்காக இருந்து பின்பலகை ஏதோ மட்டமான மரமாக இருப்பது சகஜம். பூச்சி அங்கேதான் முதலில் இறங்கும். தேக்கிலும் நடுவில் முற்றிய வைரப் பகுதியைத்தான் பூச்சி தொடாது. ஓரத்து வெள்ளை மரத்தைத் தின்றுவிடும். தரையில் மாவு மாதிரி தூள் கொட்டி, மரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகள் இருந்தால் அது உளுப்பூச்சி. கசகசா மாதிரி மணி மணியாகக் கொட்டிக் கிடந்தால் காய்ந்த மரத்தில் வாழும் கரையான். இரண்டாவது வகை இருந்தால் விட்டுவிடுவதே நல்லது, மற்ற மரச்சாமானுக்கும் பரவும்.

உளு மட்டும்தான் என்றால் வாங்கலாம். ஊசி போடும் சிரிஞ்சால் ஒவ்வொரு துளையிலும் கரையான் எண்ணெய் ஏற்றி, கீழே ஒரு கறுப்புக் காகிதம் விரித்து மூன்று வாரம் விடவும். காகிதத்தில் புதுத் தூள் விழாவிட்டால் தேன்மெழுகை உருக்கித் துளைகளை அடைக்கலாம். அவசரப்பட்டு முதல் நாளே அடைத்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருப்பது தெரியாமலே போய்விடும்.

"பர்மா தேக்கு" என்று சொல்லி விற்பதில் சாயம் பூசிய புது மரமும் உண்டு. இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து மூலையைப் பாருங்கள். பலகைகள் பல் பல்லாகக் கோத்திருக்கும் பல்லிணைப்பு, கையால் வெட்டியதானால் ஒன்றுக்கொன்று சற்று வித்தியாசப்படும். இயந்திர வெட்டு அச்சடித்ததுபோல் ஒரே அளவில் இருக்கும். நட்சத்திரத் தலை ஸ்குரூ பீரோ முழுக்க இருந்தால் அதன் வயதை நம்ப வேண்டாம். நேர்க்கோட்டுத் தலை ஸ்குரூதான் பழையது.

அளவெடுக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வாசற்படி, மாடிப்படித் திருப்பம், படுக்கையறைக் கதவு மூன்றையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பீரோவின் உள்ஆழத்தையும் அளக்க வேண்டும். குறுக்கே ஹேங்கர் மாட்ட 22 அங்குலமாவது வேண்டும். மடித்து வைப்பதற்கென்று செய்த பழைய பீரோக்களில் பல 18 அங்குலத்தோடு நின்றுவிடும். அப்படியானால் கம்பியை இடமிருந்து வலமாகப் போடாமல் முன்னிருந்து பின்னாகப் போட்டுக்கொள்ளலாம்.

டிரங்குக்கு இத்தனை சோதனை வேண்டாம். திறந்துவிட்டு உள்ளே தலையை நீட்டி, மூடியை மேலே சாத்தச் சொல்லுங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிற இடமெல்லாம் ஓட்டை. அடி மடிப்பில் இரண்டு மூன்றுக்கு மேல் இருந்தால் தகடு மாற்றும் செலவு பெட்டியின் விலையை எட்டிவிடும். கீல், பூட்டுத் தகடு கழன்றிருந்தால் கவலையில்லை, ரிவிட் அடித்துக்கொள்ளலாம்.

மெருகு: பீரோ ஜெயிக்கும் இடம்

பீரோவுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: அரக்கில் செய்த பிரெஞ்சு பாலீஷ், ஆளிவிதை எண்ணெய், பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு. கடைக்காரர்கள் பி.யூ.வைத்தான் தள்ளுவார்கள். தண்ணீர் நிற்கிற சாப்பாட்டு மேசைக்கு அது சரி. பீரோவுக்கு வேண்டாம். பி.யூ. மரத்தின் மேல் ஒரு தோலாகப் படியும். பின்பக்கத்திலிருந்து ஈரம் ஏறினால் அந்தத் தோல் ஓரத்தில் உரியும், உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. மொத்தத்தையும் இழைத்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும். பழைய மரத்தின் மேல் தோலும் அதோடு போகும்.

அரக்கு பாலீஷின் பெருமையே புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடுவதுதான். பின்பக்கம் மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை அரை நிமிடம் வையுங்கள். ஒட்டினால் உள்ளே இருப்பது அரக்கு. அப்படியென்றால் சுரண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீரைப் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்து, நன்றாக உலர்த்தி, 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அரக்குச் சில்லு. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு நாள் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டவும். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் போனால் பூசிய பிறகு இறுகாது, விரல் பட்டால் பிசுபிசுக்கும். பழையது என்று சந்தேகமிருந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாள் நகம் பதிந்தால் அது வேண்டாம். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, நனைத்துப் பிழிந்து, நிறுத்தாமல் நீளவாக்கில் இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் பழைய பூச்சு கரைந்து திட்டு விழும். பூச்சுகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் விட்டு, ஐந்தாறு முறை இழுத்தால் போதும்.

வேலையை மாசி முதல் சித்திரைக்குள், வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் பூசினால் காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி மேலே வெள்ளை பூக்கும். பூத்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். காய்ந்த நாளில் ஸ்பிரிட் மட்டும் தொட்ட பொதியால் ஒரு முறை தடவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய் சுலபம்தான், ஆனால் ஈர மூலையில் வைத்த பீரோவில் அதன் மேல் பூசணம் பிடிக்கும். பூசுவதானால் முதல் பூச்சுக்கு டர்பென்டைன் சரிபாதி கலந்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்து உலர்த்திய பிறகே குப்பையில் போடுங்கள்.

டிரங்கின் துரு

2017-இல்தான் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு வந்தது. பழைய டிரங்கின் பெயின்டில் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்க்க வேண்டாம். ஈரத்தில் தேய்ப்பதற்கான உப்புத்தாளான நீர்த்தாளை நனைத்து, முகமூடி போட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் தேய்க்கவும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி உப்பை இறக்க வேண்டும். உப்பை உள்ளே வைத்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் பெயின்டுக்கு அடியிலேயே துரு கொப்புளமாகக் கிளம்பும். கம்பித் தூரிகையால் துருவை எடுத்து, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்க வேண்டும். இந்தக் காற்றில் சுத்தமான தகட்டை ஒரு ராத்திரி விட்டாலே பழுப்பேறிவிடும். பிறகு எனாமல் இரண்டு பூச்சு. கடலை ஒட்டிய வீட்டில் சில வருடத்துக்கு ஒருமுறை இந்த வேலை திரும்ப வரும்.

வைக்கும் இடம்

தரைத்தளச் சுவரில் ஓதம் காத்தால் பீரோவைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். டிரங்குக்கு அடியில் இரண்டு மரச்சட்டம் கொடுத்தால் காற்று போகும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. டிரங்கின் அடி மடிப்பு தண்ணீரைத் தடுக்காது. தாழ்ந்த தெருவில் இருந்தால் பத்திரங்களை இரண்டிலும் கீழே வைக்காமல், பீரோவின் மேல் தட்டில் வையுங்கள். வெள்ளத்தில் ஊறிய இழுப்பறையைப் பலமாக இழுக்காதீர்கள், பல்லிணைப்பு விட்டுவிடும். நிழலில் வாரக்கணக்கில் உலரட்டும். வெயிலில் போட்டால் பலகை வெடிக்கும்.

பட்டுக்கு பீரோவே மேல். இரும்பு ராத்திரிக் குளிரில் உள்பக்கம் வியர்க்கும், துரு பட்ட கறை பட்டிலிருந்து போகாது. டிரங்கில்தான் வைக்க வேண்டும் என்றால் உள்ளே முழுக்கத் துவைத்த வேட்டியை விரித்து, ஒவ்வொரு புடவையையும் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது. அந்துருண்டையையும் கற்பூரத்தையும் சேர்த்துப் போடவே போடாதீர்கள். இரண்டும் தொட்டால் நம் ஊர் வெயிலில் ஒன்றாக உருகித் துணியில் கறையாக இறங்கும். ஏதாவது ஒன்று, அதுவும் சிறு துணியில் முடிந்து, ஜரிகையில் படாமல் மூலையில். கம்பளி, மெத்தை விரிப்பு, கொலுப் பொம்மை ஆகியவற்றுக்கு டிரங்கைவிட நல்ல இடம் இல்லை. எலி தொடாது, மேலே திண்டு போட்டால் உட்காரவும் ஆகும்.