“மெமரியைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்” என்று சொல்லி மடிக்கணினி விற்கிறார்கள்: காரைக்குடிப் பக்கத்துப் பெற்றோர் கவனத்திற்கு

கல்லூரிச் சேர்க்கை தொடங்கியதும் காரைக்குடியின் மடிக்கணினிக் கடைகளில் கூட்டம் கூடிவிடும். பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருபவர்களில் பலர், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்க்கும் கணவர் அனுப்பிய பணத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளையின் படிப்புக்கு எது சரிப்படும் என்று கடைக்காரரையே நம்பிக் கேட்கும் தாய்மார்கள். அப்படி நம்பிப் போன என் அக்காவிடம் காரைக்குடிக் கடை ஒன்று இரண்டு முறை பொய் சொல்லிப் பணம் வாங்கியது. கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நடந்த முறையை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே முறையில் வேறு இடங்களிலும் விற்கப்படுவதைக் கேள்விப்படுகிறேன்.

அக்கா மகள் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறாள். 16 ஜிபி ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் மெமரி) உள்ள கணினியாக வாங்கச் சொல்லிக் கல்லூரியின் மூத்த மாணவிகள் சொல்லியிருந்ததால், கடைக்குப் போனதும் அதையேதான் கேட்டிருக்கிறாள். அந்த விலைக்கு 16 ஜிபி கிடைக்காது என்று சொன்ன விற்பனையாளர், 8 ஜிபி உள்ள ஒரு மெல்லிய மடிக்கணினியை எடுத்து வைத்து, “அக்கா, பாப்பாவுக்கு மொத வருஷத்துக்கு இது தாராளம். உள்ள ஒரு ஸ்லாட் காலியா இருக்கு. வேணுங்கிறப்ப கொண்டு வாங்க, இன்னொரு எட்டு போட்டுத் தர்றோம்” என்று உறுதி கொடுத்திருக்கிறார். அந்த உறுதியை நம்பித்தான் அக்கா வாங்கினார். ரேமைக் கூடுதலாக மாட்டும் இடமான ஸ்லாட் இல்லை என்று சொல்லியிருந்தால், மச்சானிடம் இன்னும் கொஞ்சம் பணம் அனுப்பச் சொல்லி 16 ஜிபி கணினியையே வாங்கியிருப்பார்.

ஆண்ட்ராய்டு செயலி எழுதும் பாடம் வந்தபோது கணினி திணறத் தொடங்கியது. பிரவுசரும், செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும், கணினிக்குள்ளேயே கைபேசியைப் போல் இயங்கும் எமுலேட்டரும் ஒன்றாகத் திறந்தால் சுட்டி நகர்வதற்கே காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கா அதைக் கடைக்கு எடுத்துப் போனார். மாலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னவர்கள், 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, திரையில் 15.7 ஜிபி என்ற எண்ணைக் காட்டி, “16 ஆக்கிட்டோம், கொஞ்சம் கிராபிக்ஸுக்குப் போயிரும்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குக் கொடுத்த சீட்டு ஜிஎஸ்டி எண் இல்லாத வெறும் எஸ்டிமேட் தாள். அதில் “மெமரி அப்கிரேடு” என்று மட்டும் எழுதியிருந்தது.

கணினி முன்பு போலவே திணறியது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அவள் அதை என்னிடம் கொடுத்து, “மாமா, ரேம் ஏத்தியும் ஏன் இப்படி இருக்கு, பாருங்க” என்றாள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பார்த்ததுமே விஷயம் வெளிப்பட்டது. அதில் இருந்த ரேம் அதே 8 ஜிபிதான். கடைக்காரர் காட்டிய 15.7 என்ற எண், அதே பக்கத்தில் கீழே “கமிட்டெட்” என்ற சொல்லின் அடியில் இருப்பது. ரேமும், கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியில், ரேம் போதாதபோது பயன்படுத்தப் பேஜ் ஃபைல் என்று ஒதுக்கப்படும் இடமும் சேர்ந்து எவ்வளவு ஆகிறதோ அதைத்தான் அந்த எண் காட்டுகிறது. அவர்கள் புதிதாக எதையும் மாட்டவில்லை. விண்டோஸ் அமைப்பில் விர்ச்சுவல் மெமரி என்ற இடத்துக்குப் போய், பேஜ் ஃபைலின் அளவை 8 ஜிபி ஆக்கியிருக்கிறார்கள். யாரும் தம் வீட்டிலேயே பணச்செலவில்லாமல் செய்துகொள்ளக்கூடிய இந்த வேலைக்கு 4,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

பேஜ் ஃபைல் ரேமுக்கு ஈடாகாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கைபேசிப் பெட்டிகளிலேயே ரேமோடு சேமிப்பிடத்தையும் கூட்டி “8 + 8 ஜிபி” என்று அச்சிட்டு விற்பதால், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவிவிட்டது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்பில் உட்கார்ந்து கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளைக்கு, அன்றாடம் வேண்டிய பேரேடுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; ஒவ்வொரு பற்றுக்கும் எழுந்து, வளவைக் கடந்து, பின்கட்டு அறை வரை போய் ஏட்டை எடுத்து வந்தால் பொழுது அதிலேயே போய்விடும். கைக்கெட்டும் இடம்தான் ரேம், பின்கட்டு அறைதான் எஸ்எஸ்டி. ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். நல்ல எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கவும் பல பத்து மைக்ரோ நொடிகள், அதாவது அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு நேரம் ஆகும். பேஜ் ஃபைல் இருப்பதால் கணினி நின்றுபோகாமல் தப்பிக்கும் என்பது உண்மை. வேகம் மட்டும் அதனால் அதிகரிக்காது.

அடுத்து, அந்த மடிக்கணினியின் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் விவரத்தாளைத் தேடிப் பார்த்தேன். மெமரி, கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது என்றும், ஸ்லாட் கிடையாது என்றும், கூட்ட முடியாது என்றும் தெளிவாகவே போட்டிருக்கிறது. ஆக, வாங்கிய அன்று சொன்ன உறுதியே பொய். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் எல்பிடிடிஆர் வகை மெமரியைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள்; மின்சாரம் குறைவாகச் செலவாகும், இடமும் மிச்சமாகும் என்பது அதற்குக் காரணம். ஆப்பிளின் மேக்புக் ஏர் போன்றவற்றிலும் பிறகு மெமரியைக் கூட்ட வழியே கிடையாது. இத்தகைய கணினிகளை வாங்குவதில் தவறில்லை, ஆனால் வாங்கும் அன்றே, அது உழைக்கப்போகும் எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்து மெமரியை முடிவு செய்துவிட வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் விதித்துள்ள குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. அந்த அளவில் கணினி ஓடும் என்பதோடு சரி, அதை வைத்துப் படிக்க முடியாது. கடிதம் தட்டச்சு செய்ய, கணக்குப் பார்க்க, இணையவழி வகுப்பு கேட்க 8 ஜிபி போதும், ஆகவே கலைக் கல்லூரியில் தமிழோ வணிகவியலோ படிக்கும் பிள்ளைக்கு அதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை எமுலேட்டரோடு சேர்த்து இயக்க கூகுள் கேட்பதே அந்த அளவுதான். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியாக இயங்கும் விர்ச்சுவல் மெஷின் ஒன்றைத் திறந்தால் அது தனியாக 2 முதல் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு வசதிகளோடு மைக்ரோசாஃப்ட் ‘கோபைலட் பிளஸ்’ என்று பெயரிட்ட கணினிகளுக்கும் 16 ஜிபிதான் கீழ்வரம்பு. ஆப்பிளும் 2024-இல் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 8-லிருந்து 16-ஆக உயர்த்தியது. 32 ஜிபி என்பது வீடியோ தொகுப்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுபவர்களுக்கும் உரியது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் திரைக்கான மெமரியும் இதே ரேமிலிருந்துதான் போகும் என்பதால், 8 ஜிபி கணினியில் நிரல்களுக்குக் கிடைப்பது 8-க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இப்போது இந்த ஏமாற்று இன்னும் எளிதாகியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சில்லுகளைப் பெருமளவில் வாங்குவதால் 2025-இன் இறுதி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் ‘குரூஷியல்’ என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த மெமரி வணிகத்தையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறியிருப்பது உண்மையாக இருப்பதால், “இப்போதைக்கு 8 வாங்குங்கள், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்” என்ற பேச்சு நியாயமாகவே காதில் விழும். அந்தப் பேச்சு வந்தால் பணம் கொடுப்பதற்கு முன் முழு மாடல் எண்ணை எழுதி வாங்கித் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் மேலே சொன்ன டாஸ்க் மேனேஜர் பக்கத்தைத் திறந்தால் ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘சோடிம்’ என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ரேம், ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் பற்றவைத்தது. அருகிலிருக்கும் ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம், பற்றவைத்த மெமரியையும் பல கணினிகள் ஸ்லாட் என்றே கணக்குக் காட்டும். உண்மையாகவே ஸ்லாட் இருந்தாலும் அது எந்தத் தலைமுறை ரேமுக்கு உரியது, டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று கேளுங்கள். ஒன்றுக்கு உரிய இடத்தில் மற்றது பொருந்தாது. ஸ்லாட் இருக்கிறது என்று வாயால் சொல்பவரிடம் அதையே ஜிஎஸ்டி பில்லில், கணினியின் சீரியல் எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

நாங்கள் விவரத்தாளையும் டாஸ்க் மேனேஜர் பக்கத்தின் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது, முதலில் “சாஃப்ட்வேர் அப்கிரேடுன்னுதான் சொன்னோம்” என்று மாற்றிப் பேசினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்த பிறகு 4,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். கணினியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ மாற்றித் தரவோ முடியாது என்பதில் மட்டும் உறுதியாக நிற்கிறார்கள். பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. சிவகங்கையில் உள்ள மாவட்ட ஆணையத்தில் கொடுப்பதற்கான மனுவை அக்கா தயார் செய்து வைத்திருக்கிறார். அந்த எஸ்டிமேட் தாளைத் தூக்கிப் போடாமல் அவர் பத்திரமாக வைத்திருந்தது பெரிய உதவியாக இருக்கிறது. இதே போல் “அப்கிரேடு” செய்து வாங்கியவர்கள் இன்றே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு, சீட்டு எதுவாக இருந்தாலும் அதைப் படம் எடுத்து வையுங்கள்.